சந்திப்பைக் காத்த சாதனையாளர் காரெட் மோர்கன்

பொழுது புலர்வதற்குள் நம் நாட்டுச் சாலைகள் விழித்துக்கொள்கின்றன. செடெனாக்கிலிருந்து கூலாய், செனாய், ஸ்கூடாய் வழியாக ஜொகூர் பாருவுக்குச் செல்பவர்கள் வழியில் பல சாலைச் சந்திப்புகளைக் கடக்க வேண்டும். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள், தொழிற்சாலைப் பேருந்துகள், பள்ளி வேன்கள், மோட்டார் சைக்கிள்கள் என அனைத்தும் சமிக்ஞை விளக்கின் கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன. சிவப்பு எரிந்தால் நிற்கின்றன. பச்சை எரிந்தால் நகர்கின்றன. ஆயினும், ஒரு திசையில் பச்சை விளக்கு அணைந்த மறுகணமே மறுதிசையில் பச்சை எரிவதில்லை. முதலில் மஞ்சள் எரிகிறது. அதன்பின் ஓரிரு விநாடிகள் எல்லாத் திசைகளிலும் சிவப்பே எரிகிறது. சந்திப்பின் நடுவே இருக்கும் வாகனங்கள் வெளியேறிய பிறகுதான் அடுத்த திசைக்கு வழி திறக்கிறது.

நம்மில் பலர் பொறுமையிழந்து தவிக்கும் அந்த ஓரிரு விநாடிகளே நாள்தோறும் எண்ணற்ற உயிர்களைக் காக்கின்றன. அத்தகைய இடைவெளியின் தேவையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதற்கென ஒரு கருவியை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றவர் காரெட் அகஸ்டஸ் மோர்கன். தொடக்கக் கல்வியை மட்டுமே பெற்ற அவர், நிறவேற்றுமை தலைவிரித்தாடிய காலத்தில் தம் அறிவையும் உழைப்பையும் நம்பி உயர்ந்தவர்.

பிறப்பும் இளமையும்

காரெட் மோர்கன் 1877ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் ஊரையொட்டிய கருப்பின மக்களின் குடியிருப்பில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவர் ஏழாமவர். அவருடைய தந்தை சிட்னி மோர்கன் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். தாயார் எலிசபெத் ரீட் ஒரு சமயப் போதகரின் மகள். அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் மாறியிருந்தாலும் மக்களின் மனம் முற்றிலும் மாறவில்லை. கருப்பின மக்களுக்கு நல்ல பள்ளியும் நல்ல வேலையும் எட்டாக்கனியாகவே இருந்தன.

மோர்கன் பண்ணை வேலைகளில் பெற்றோருக்கு உதவியவாறே தொடக்கப் பள்ளியில் பயின்றார். பதினான்கு வயதை எட்டியதும், வேலை தேடிச் சொந்த ஊரைவிட்டுப் புறப்பட்டு ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகருக்குச் சென்றார். அங்கு ஒரு செல்வந்தரின் நிலத்தில் எடுபிடி வேலைகளைச் செய்தார். கையில் கிடைத்த சிறிய ஊதியத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வைத்து, ஓர் ஆசிரியரை அமர்த்தித் தம் கல்வியைத் தொடர்ந்தார். பள்ளி அவருக்குத் தொடர்ந்து கிட்டாவிட்டாலும் கல்வியை அவர் கைவிடவில்லை.

தையல் இயந்திரம் கற்றுத் தந்த பாடம்

1895ஆம் ஆண்டில் மோர்கன் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தார். ஏரி ஏரியின் கரையில் அமைந்துள்ள அந்நகரம் அன்று விரைவாக வளர்ந்துவந்த தொழில் நகரமாகும். அங்கு ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஓர் இயந்திரம் ஏன் நின்றது, அதன் எந்தப் பாகம் தேய்ந்தது, அதை எவ்வாறு மேம்படுத்தலாம் என அவர் கண்ணும் கருத்துமாக ஆராய்ந்தார். இயந்திரத்தின் வாரினை இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றை உருவாக்கி விற்றார். அவருடைய திறமை ஆலைகளுக்கிடையே பரவியது.

1907ஆம் ஆண்டில் சொந்தமாகத் தையல் இயந்திரப் பழுதுபார்ப்புக் கடையைத் திறந்தார். அடுத்த ஆண்டு மேரி ஹாசெக் என்பாரை மணந்தார். தையற்கலையில் தேர்ந்த மேரியின் துணையுடன் 1909ஆம் ஆண்டில் ஆடை தைக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு 32 பேர் வேலை செய்தனர். அவர்கள் பயன்படுத்திய இயந்திரங்கள் பலவும் மோர்கனின் கைவண்ணத்தில் உருவானவையே.

தையல் ஊசி மிக விரைவாக இயங்கும்போது உராய்வினால் சூடேறி, கம்பளித் துணியைக் கருக்கிவிடும். அதைத் தடுக்க ஊசிக்குப் பளபளப்பூட்டும் ஒரு திரவத்தை மோர்கன் தயாரித்தார். அத்திரவம் பட்ட துணியின் சுருண்ட இழைகள் நேராகிவிட்டதை அவர் கண்டார். பக்கத்து வீட்டு நாயின் உரோமத்திலும் பின்னர்த் தம் தலைமுடியிலும் அதைச் சோதித்துப் பார்த்ததாகக் கூறப்படுகிறது. அதன் பயனாக, தலைமுடியை நேராக்கும் களிம்பைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தை 1913ஆம் ஆண்டில் நிறுவினார். அவ்வணிகம் ஈட்டித் தந்த பணமே அவருடைய அடுத்தடுத்த ஆய்வுகளுக்கு ஊன்றுகோலாக அமைந்தது.

புகையை வென்ற கவசம்

அக்காலத்தில் தீயணைப்பு வீரர்கள் பலர் தீயினால் மட்டுமன்றிப் புகையினாலும் மூச்சுத்திணறி மாண்டனர். எரியும் கட்டடத்தில் சூடான புகை மேலே எழும்; தரையை ஒட்டியுள்ள காற்று ஓரளவு தூய்மையாக இருக்கும். எவரும் அறிந்த இந்த எளிய உண்மையை மோர்கன் ஒரு கருவியாக மாற்றினார். தலையை முழுவதும் மூடும் துணிக் கவசத்திலிருந்து நீண்ட குழாய்கள் தரைவரை தொங்குமாறு அவர் வடிவமைத்தார். குழாயின் நுனியில் ஈரப் பஞ்சு பொருத்தப்பட்டிருந்தது. அது புகைத்துகளை வடிகட்டியதோடு உள்ளே செல்லும் காற்றையும் குளிரச் செய்தது. இக்கவசத்திற்கு 1914ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார்.

கவசம் சிறப்பாக இருந்தும் அதை உருவாக்கியவர் கருப்பினத்தவர் என்று அறிந்தால் வாங்க மறுப்போர் இருந்தனர். ஆகவே, பல ஊர்களில் வெள்ளையர் ஒருவரைக் கவசத்தின் உரிமையாளராக நடிக்கச் செய்தார் மோர்கன். அவரோ அமெரிக்கப் பூர்வகுடித் தலைவரைப் போல வேடமிட்டு, புகை நிரம்பிய கூடாரத்திற்குள் கவசத்தை அணிந்து சென்று, நெடுநேரத்திற்குப் பின் நலமாக வெளியே வந்து காட்டினார். தாம் கண்டுபிடித்த பொருளை விற்பதற்குத் தம் அடையாளத்தையே மறைக்க வேண்டிய அவலநிலை அவருக்கு ஏற்பட்டது.

ஏரிக்கடியில் ஒரு மீட்புப் பணி

1916ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு. கிளீவ்லாந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவருவதற்காக ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தனர். தொழிலாளர்கள் தோண்டிய இடத்தில் இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. நச்சுவாயுவும் புகையும் சூழ்ந்த சுரங்கத்தில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்க இறங்கியவர்களும் மயங்கி விழுந்து மடிந்தனர். மேலும் எவரும் உள்ளே இறங்கத் துணியவில்லை.

அவ்வேளையில் மோர்கனின் கவசத்தைப் பற்றி அறிந்த ஒருவர் நினைவூட்ட, நள்ளிரவில் அவருக்கு அழைப்பு சென்றது. மோர்கன் தம் சகோதரர் பிராங்குடன் கவசங்களை எடுத்துக்கொண்டு விரைந்தார். இருவரும் கவசம் அணிந்து, தன்னார்வலர்களுடன் சுரங்கத்திற்குள் இறங்கினர். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த இருவரை அவர்கள் மீட்டனர். இறந்தவர்களின் உடல்களையும் வெளியே கொண்டுவந்தனர்.

ஆயினும், அந்தத் துணிச்சலுக்குரிய பாராட்டு மோர்கனை உடனே வந்தடையவில்லை. மீட்புப் பணிக்கான வீரப் பதக்கங்கள் பிறருக்கே வழங்கப்பட்டன. பின்னர், கிளீவ்லாந்து நகரக் குடிமக்கள் குழுவொன்று அவருக்குப் பதக்கம் அணிவித்துச் சிறப்பித்தது. நாளேடுகளின்வழி கவசத்தை உருவாக்கியவர் யார் என்ற செய்தி பரவியதும், அதுவரை கவசத்தை வாங்க முன்வந்த சில ஊர்கள் பின்வாங்கின. இதனால் மோர்கன் மனம் வருந்தினாலும் ஓய்ந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டில் கருப்பின மக்களின் குரலாக ஒலிக்கும் செய்தித்தாள் ஒன்றைத் தொடங்குவதிலும் அவர் பங்காற்றினார்.

சந்திப்பில் கண்ட விபத்து

வணிகம் செழித்ததால் மோர்கன் சொந்தமாகக் கார் வாங்கினார். கிளீவ்லாந்தில் கார் வைத்திருந்த முதல் கருப்பினத்தவர் அவரே என்று கூறப்படுகிறது. 1920ஆம் ஆண்டுகளின் சாலைகள் இன்றைய சாலைகளைப் போன்றவை அல்ல. கார்கள், குதிரை வண்டிகள், மிதிவண்டிகள், டிராம் வண்டிகள், பாதசாரிகள் என அனைவரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொண்டனர். ஒருமுறை சந்திப்பு ஒன்றில் காரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்ட கோர விபத்தை மோர்கன் நேரில் கண்டார். அக்காட்சி அவர் மனத்தில் பசுமரத்தாணி போலப் பதிந்தது.

அப்போது சமிக்ஞை விளக்குகளே இல்லாமல் இல்லை. 1868ஆம் ஆண்டிலேயே லண்டன் நகரில் நாடாளுமன்றத்திற்கு அருகே எரிவாயுவால் இயங்கும் சமிக்ஞைக் கம்பம் நிறுவப்பட்டது. ஆனால், சில வாரங்களிலேயே அது வெடித்து, அதை இயக்கிய காவலர் காயமுற்றார். 1914ஆம் ஆண்டில் மோர்கன் வாழ்ந்த கிளீவ்லாந்து நகரிலேயே சிவப்பு, பச்சை நிறங்களைக் கொண்ட மின்விளக்குகள் ஒரு சந்திப்பில் பொருத்தப்பட்டன. 1920ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரக் காவலரான வில்லியம் பாட்ஸ் மஞ்சள் விளக்கையும் சேர்த்து மூவண்ண விளக்கை அமைத்தார். ஆகவே, சமிக்ஞை விளக்கை முதன்முதலில் உருவாக்கியவர் மோர்கன் என்று சிலர் கூறுவது பொருந்தாது. பலருடைய அறிவும் அனுபவமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டே அது உருவானது.

அப்படியாயின், மோர்கனின் பங்கு என்ன? அன்று பெரும்பாலான சந்திப்புகளில் இருந்த கருவிகள் நில், செல் என்னும் இரண்டு கட்டளைகளை மட்டுமே அறிந்திருந்தன. ஒரு திசைக்குக் கிடைத்த உத்தரவு சட்டென மறு திசைக்கு மாறியது. சந்திப்பின் நடுவே இருந்த வண்டிக்கு வெளியேற நேரமில்லை. குறுக்கே வருபவருக்கோ புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது. வேகமாக ஓடும் காரும் மெதுவாக நகரும் குதிரை வண்டியும் ஒரே சந்திப்பைக் கடக்கும்போது இக்குறை பேராபத்தாக முடிந்தது. இரு கட்டளைகளுக்கும் இடையில் ஓர் இடைவெளி தேவை என்பதை மோர்கன் உணர்ந்தார்.

மூன்றாவது நிலை

மோர்கன் வடிவமைத்த கருவி, ஆங்கில எழுத்தான ‘டி’ வடிவில் அமைந்த ஒரு கம்பமாகும். அதன் உச்சியில் கைகள் போன்ற பலகைகள் இருந்தன. காவலர் கைப்பிடியைச் சுழற்றி அவற்றை இயக்கினார். ஒரு நிலையில் ஒரு திசை செல்லும். மற்றொரு நிலையில் குறுக்குத் திசை செல்லும். மூன்றாவது நிலையிலோ எல்லாத் திசைகளிலும் வாகனங்கள் நிற்க வேண்டும். கட்டளை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றாவது நிலை இடையே வந்து சென்றது. சந்திப்பில் எஞ்சியிருக்கும் வாகனங்கள் வெளியேறவும் பாதசாரிகள் அச்சமின்றிக் கடக்கவும் அது வழிவகுத்தது.

அக்கருவியில் மற்றுமொரு சிறப்பும் இருந்தது. நள்ளிரவு போன்ற நேரங்களில் வாகனங்கள் குறைவாகவே செல்லும். காவலரும் பணியில் இருக்கமாட்டார். அப்போது கைகளைப் பாதியளவு உயர்த்திய நிலையில் நிறுத்திவிடலாம். அதைக் காணும் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையுடன் சந்திப்பைக் கடக்க வேண்டும். போக்குவரத்தின் அளவுக்கேற்பச் சமிக்ஞையும் மாற வேண்டும் என்னும் எண்ணத்தின் சிறு விதை இதில் அடங்கியிருந்தது.

1922ஆம் ஆண்டில் விண்ணப்பித்த மோர்கனுக்கு 1923ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் இக்கருவிக்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அதன் உரிமையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற்கு 40,000 டாலருக்கு விற்றதாகக் கூறப்படுகிறது. அன்றைய நாளில் அது பெருந்தொகையாகும்.

வளர்ந்து வந்த சமிக்ஞை

கையால் சுழற்றும் கம்பங்கள் விரைவில் மறைந்து, தானாக இயங்கும் மின்விளக்குகள் எங்கும் பரவின. காவலரின் வேலையைக் கடிகாரம் ஏற்றது. எனினும், அதில் ஒரு குறை இருந்தது. காவலருக்குக் கண் உண்டு. கடிகாரத்திற்குக் கண் இல்லை. வெறிச்சோடிய சாலைக்கும் நெரிசல் மிகுந்த சாலைக்கும் அது ஒரே அளவு நேரத்தையே வழங்கியது.

இக்குறையைக் களையப் பலர் முயன்றனர். 1928ஆம் ஆண்டில் சார்லஸ் அட்லர் என்பவர் பால்டிமோர் நகரில் ஒலியால் இயங்கும் விளக்கை அமைத்தார். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினால் விளக்கு மாறும். 1932ஆம் ஆண்டில் லண்டனில் வாகனத்தின் எடையை உணரும் பட்டைகள் சாலையில் பதிக்கப்பட்டன. பின்னாளில், தார்ச்சாலைக்கு அடியில் கம்பிச் சுருள்கள் புதைக்கப்பட்டன. உலோகத்தாலான வாகனம் அவற்றின்மேல் வந்து நின்றால், சுருளின் மின்காந்தத் தன்மையில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி உணர்ந்துகொள்ளும்.

1970ஆம் ஆண்டுகளில் கணினி களத்தில் இறங்கியது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ‘ஸ்காட்ஸ்’ என்னும் அமைப்பும், பிரிட்டனில் ‘ஸ்கூட்’ என்னும் அமைப்பும் உருவாக்கப்பட்டன. ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை வாகனங்கள் கடக்கின்றன, பச்சை நேரம் முழுமையாகப் பயன்பட்டதா, வீணானதா என அவை இடைவிடாது கணக்கிடுகின்றன. அதற்கேற்ப அடுத்த சுற்றின் பச்சை நேரம் நீள்கிறது அல்லது குறைகிறது. அடுத்தடுத்த சந்திப்புகள் ஒன்றோடொன்று இணைந்தும் இயங்குகின்றன. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் இயங்கும் ‘கிளைட்’ அமைப்பும் இவ்வகையைச் சார்ந்ததே. இன்று ஒளிப்படக்கருவிகளும் செயற்கை நுண்ணறிவும் இப்பணியில் துணைநிற்கின்றன.

இத்தகைய அறிவார்ந்த அமைப்புகள் பச்சை நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நெரிசல் எவ்வளவு மிகுந்தாலும், ஒரு திசை நின்று மறு திசை புறப்படுவதற்கு இடையிலான பாதுகாப்பு இடைவெளியை மட்டும் அவை மிச்சப்படுத்த முயல்வதில்லை. சந்திப்பின் அகலத்தையும் வாகனங்களின் வேகத்தையும் கணக்கிட்டுப் பொறியாளர்கள் அதை முன்கூட்டியே வரையறுத்துவிடுகின்றனர். மோர்கனின் கம்பங்கள் மறைந்துவிட்டன. ஆனால், அவர் வலியுறுத்திய இடைவெளி நிலைத்துவிட்டது.

இறுதிக்காலமும் புகழும்

1931ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகர மன்றத் தேர்தலில் மோர்கன் போட்டியிட்டார். கருப்பின மக்களின் வாழ்வை உயர்த்துவதே அவர் நோக்கமாக இருந்தது. தேர்தலில் அவர் வெற்றி பெறவில்லை. எனினும், பொதுத்தொண்டை நிறுத்தவில்லை. 1943ஆம் ஆண்டில் கண்ணழுத்த நோயால் பெருமளவு பார்வையை இழந்தார். பிறர் பார்த்துச் செல்வதற்கு வழிகாட்டியவரின் உலகம் இருண்டது. அந்நிலையிலும் அவர் புதிய பொருள்களை உருவாக்கும் முயற்சியைக் கைவிடவில்லை.

சமிக்ஞைக் கருவிக்காக அமெரிக்க அரசாங்கத்தின் பாராட்டு மோர்கனுக்கு அவருடைய இறுதி நாள்களில் கிடைத்தது. 1963ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், தமது 86ஆம் வயதில் அவர் கிளீவ்லாந்தில் இயற்கை எய்தினார். 1991ஆம் ஆண்டில் அந்நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. குடிநீருக்காகத் தோண்டப்பட்ட சுரங்கத்தில் உயிரைப் பணயம் வைத்தவருக்கு, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்நகரம் செலுத்திய நன்றிக்கடன் அது.

காரெட் மோர்கன் பெரிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அல்லர். பட்டங்கள் பல பெற்றவரும் அல்லர். துணி கருகுவதையும், வீரர்கள் மூச்சுத்திணறுவதையும், வண்டிகள் மோதிக்கொள்வதையும் மற்றவர்களும் பார்த்தனர். அவரோ பார்த்ததோடு நில்லாமல், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று சிந்தித்தார். பிறர் அவரைப் புறக்கணித்தபோதும், பிறர் உயிரைக் காப்பதை அவர் தம் கடமையாகக் கொண்டார்.

எவ்வளவு அறிவார்ந்த விளக்காக இருந்தாலும், அதை மதிக்கும் மனிதர்கள் இருந்தால்தான் அது பயன் தரும். மஞ்சள் விளக்கைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுபவர், மற்றொருவரின் பாதுகாப்புக்காக ஒதுக்கப்பட்ட நேரத்தைப் பறித்துக்கொள்கிறார். அந்தச் சிறு இடைவெளியில் சாலையைக் கடந்துகொண்டிருப்பவர் ஒரு முதியவராக இருக்கலாம். பள்ளிக்குச் செல்லும் மாணவராக இருக்கலாம். சில விநாடிகள் காத்திருப்பதால் நாம் இழப்பது மிகக் குறைவு. அதனால் காக்கப்படுவதோ விலைமதிப்பற்ற உயிர்.